பொறியியலிலிருந்து சர்வதேச முகாமைத்துவப் பணிக்கு மாற வெளிநாட்டு எம்.பி.ஏ. உதவுமா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவில் ஆலையொன்றில் பராமரிப்புப் பொறியியலாளராக இருக்கும் நீங்கள், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்துச் சர்வதேசப் பணிக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் நாடு, துறை, பதவி மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது மிகக் கடினம் என்பதால், துறையையாவது கைவிடாதிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆலையையும் துறைமுகத்தையும் நேரில் அறிந்தவருக்கு விநியோகச் சங்கிலி முகாமைத்துவம், அதாவது மூலப்பொருள் வாங்குவது முதல் பொருளை வாடிக்கையாளரிடம் சேர்ப்பது வரையான பணி, இயல்பாகவே பொருந்தும்.

அமெரிக்காவில் முழுநேரப் படிப்பு பெரும்பாலும் 2 ஆண்டுகள்; இடையில் வரும் கோடைகாலப் பயிற்சிப் பணிதான் துறை மாறுபவர்களுக்கு உண்மையான நுழைவாயில். பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளாகங்கள் கொண்ட இன்சியாட் (INSEAD) வணிகப் பள்ளியில் படிப்பு 10 மாதங்களில் முடிவதால் சம்பளமின்றி இருக்கும் காலம் குறைவு. ஆயினும் அங்கே பயிற்சிப் பணி வேண்டுமென்றால் ஜனவரியில் சேர வேண்டும்.

எம்.பி.ஏ. அனுமதிக்கான ஜிமாட் (GMAT) தேர்வின் புள்ளி 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஆகவே வேலையில் இருந்துகொண்டே எழுதிவிடுங்கள். விண்ணப்பக் கட்டுரையில் "பம்புகளைப் பராமரித்தேன்" என்று எழுதாமல், ஆலை நின்றுபோகும் நேரத்தை எவ்வாறு குறைத்தீர்கள், அதற்கு யாரையெல்லாம் சம்மதிக்க வைத்தீர்கள், எவ்வளவு பணம் மிச்சமானது என்று எழுதுங்கள்.

கடன் வாங்குவதாயின், ரூபாயில் உழைத்து டொலரில் திருப்பிச் செலுத்தும் நிலை வந்தால் தாங்குமா என்று வீட்டாருடன் கணக்குப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். 2022இல் ரூபாய் சரிந்த வேகத்தை நாம் எல்லோரும் கண்டோம்.