வளரும் வயதுப் பிள்ளைக்கு முள்ளந்தண்டு வளைவு என்றால் வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

13 வயது மகளுக்கு ஸ்கோலியோசிஸ் என்று சொல்லி பிறேஸ் (உடம்போடு கட்டும் பிளாஸ்டிக் கவசம்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வீடே இடிந்துபோய் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் தங்கச்சிக்கும் இதேதான். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். அக்காவாகக் கூட நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முள்ளந்தண்டில் பிரச்சினை என்றதும் வன்னிச் சனத்துக்குக் கண்முன் வருவது, ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் சொந்தக்காரர்தான். "பிள்ளை நடக்கமாட்டாளோ?" என்றுதான் அம்மாவும் முதலில் கேட்டா. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இது வளரும் வயதில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கொஞ்சம் முறுகிக்கொள்வது. பெரும்பாலும் காரணம் தெரியாது. புத்தகப் பை தூக்கியதாலோ, குனிந்திருந்து படித்ததாலோ, தாயின் கவனக்குறைவாலோ வருவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அம்மாமாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

வளைவு எத்தனை பாகை என்று டொக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்றேயில் 10 பாகையாவது இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். ஏறத்தாழ 25 முதல் 40 வரை, வளர்ச்சியும் மிச்சம் இருந்தால் பிறேஸ். 50ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிக் கதைப்பார்கள்.

எங்கள் வீட்டில் இது தெரியவந்தது சாமத்தியத் தண்ணி வார்க்கும்போது. ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளி நிற்பதை மாமிதான் கண்டா. பிறகு டொக்டரும் வயதுக்கு வந்து எவ்வளவு காலம் என்றுதான் முதலில் கேட்டார். இன்னும் எவ்வளவு வளருவாள், வளைவு கூடுமா என்பதை அதை வைத்தும் கணிக்கிறார்கள். திகதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பிறேஸின் முதல் வேலை வளைவு கூடாமல் பிடித்து வைப்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2013இல் வெளியான ஆய்வில், பிறேஸ் போட்டவர்களில் 72 வீதமானோர் 50 பாகையை எட்டாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் அது 48 வீதம். கூட நேரம் போட்டவர்களுக்குப் பலனும் கூட. அந்த மணித்தியாலங்கள் கூடுவதும் குறைவதும் வீட்டில்தான்.

சித்திரை வெயிலில் தடித்த பிளாஸ்டிக்கை உடம்போடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை நினைத்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டியை அவளால் தனியே இறுக்க முடியாது. விடிய எழும்பி நானோ அம்மாவோ இறுக்கிவிடுவோம். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பெனியன். கழற்றியதும் இடுப்பில் சிவந்த இடத்தைப் பார்ப்போம். அரை மணித்தியாலத்தில் சிவப்பு மறையாவிட்டால் பிறேஸைத் திருத்தக் கொண்டுபோகவேண்டும். வெள்ளைச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைப்பித்தோம். அதோடு பாயில் இருந்து சாப்பிடுவது அவளுக்குக் கஷ்டம். அவள் மட்டும் தனியே கதிரையில் இருப்பதா என்று அப்பாவும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கதைத்து ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசன் அவர்.

அயல் சனத்தின் கதைதான் பிறேஸைவிட வருத்தம். "கலியாணத்துக்கு ஆர் கேக்கப்போயினம்?" என்று அவளுக்கு முன்னாலேயே கேட்டார்கள். அப்படிக் கேட்பவரை அம்மா, அப்பா அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். பிள்ளை அதைக் காதால் கேட்கவேண்டும். இந்த வளைவு உள்ள பெண்களில் பெரும்பாலானோர் வழமைபோலப் பிள்ளை பெறுகிறார்கள். வலிக்கு எண்ணெய் தேய்க்கலாம். இழுத்து நிமிர்த்துகிறேன் என்பவரிடம் முதுகைக் கொடுக்கவேண்டாம்.

விளையாட்டையும் மறிக்காதீர்கள். டொக்டரிடம் கேட்டு வலைப்பந்துக்குப் பிறேஸைக் கழற்றலாம். 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடிய உசெயின் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான். அதைக் கேட்டபிறகு தங்கச்சி திரும்பவும் மைதானத்துக்குப் போனாள்.

இன்னொன்று, மற்றப் பிள்ளைகள். கிளினிக் நாளில் அப்பாவின் கூலி போகும், அம்மா விடியவே யாழ்ப்பாண பஸ் ஏறிவிடுவா, தம்பி பக்கத்து வீட்டில் இருப்பான். அவன் பேச்சுக் குறைந்துபோனதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம். அதற்குப் பிறகு அவனையும் சிலவேளை கூட்டிக்கொண்டு போனோம். எக்ஸ்றேக் கவரைத் தூக்குவது அவன் பொறுப்பு. இது குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் மற்றப் பிள்ளைகளையும் மேல்சட்டையைக் கழற்றி, காலைச் சேர்த்து முன்பக்கம் குனியவைத்துப் பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவர்களையும் கொண்டுபோங்கள்.