நர்சிங் ஃபீஸுக்கு நகை அடகு: வட்டியையும் சேர்த்து மறு அடகு வைக்கலாமா?

கேள்வி: மகள் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு முடிக்கிறாள். வருடத்துக்கு ரூ.1.20 லட்சம் ஃபீஸ். 12% வட்டிக்கு நகையை அடகு வைத்துக் கட்டுகிறேன். வருட முடிவில் வட்டியையும் சேர்த்து மறு அடகு. நண்பர் சொன்னதால் மாதம் ரூ.5,000 ஸ்மால்கேப் எஸ்ஐபியும் (சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டுவது) போடுகிறேன், அதில் ரூ.1.20 லட்சம் சேர்ந்திருக்கிறது. கல்விக்கடன் வாங்கினால் மகள் தலையில் கடன் ஏறும் என்கிறார் அண்ணன்.

பதில்: அண்ணன் பயப்படும் கடன் ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, நகையின் மேல். முதல் வருட 1.20 லட்சம் 1.34 ஆனது, அதோடு அடுத்த ஃபீஸும் வட்டியும் சேர்ந்து இப்போது சுமார் 2.85 லட்சம். இதே பழக்கம் தொடர்ந்தால் படிப்பு முடியும்போது 6.42 லட்சம் நிற்கும். நான்கு வருடத்தில் நீங்கள் கட்டியிருக்கும் ஃபீஸோ 4.80 லட்சம்தான். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதல் பணம் கிடைத்தது, வலி தெரியவில்லை. விலை இறங்கினால் மறு அடகுக்குக் கைக்காசு போட வேண்டும். முடியாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

மாதம் ரூ.2,850 வட்டி ஏறும் வீட்டில் ஸ்மால்கேப் எதற்கு? எஸ்ஐபியை நிறுத்துங்கள். சேர்ந்ததை எடுத்து நகைக்கடனில் கட்டுங்கள் (ஒரு வருடம் ஆகாத யூனிட்டுகளுக்குப் பெரும்பாலும் 1% எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் எடுப்பதற்கான பிடித்தம், உண்டு, போகட்டும்). மிச்சம் 1.65 லட்சம். அந்த மாத ஐயாயிரத்தை இதில் கட்டினால் மூன்றரை வருடத்துக்குள் நகை கைக்கு வந்துவிடும். பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதி இரண்டு வருட ஃபீஸ் 2.40 லட்சத்துக்குக் கல்விக்கடன். நான்கு லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தனி வட்டிதான். 10.5% என்று வைத்தால், தவணை தொடங்கும்போது ஏறக்குறைய 3.03 லட்சம், பத்து வருடத்துக்கு மாதம் ரூ.4,100. சம்பாதிக்கும் நர்ஸ் தாங்குவார்.

வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, வீட்டுக்கு அருகில் உள்ள கிளைக்கு நேரில் போங்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் மீதி வருடங்களின் ஃபீஸ் விவரம், போனஃபைட் (அங்கே படிக்கிறாள் என்ற சான்றிதழ்), பல்கலைக்கழக இணைப்புக் கடிதம், மதிப்பெண் பட்டியல், கட்டிய ரசீதுகள் வேண்டும். பணம் கல்லூரிக் கணக்குக்கே போகும், நகையை மீட்க உதவாது. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் வங்கிக்கு வங்கி விதி மாறும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிறிய கல்லூரிகளில் மருத்துவமனைப் பயிற்சி, பஸ், யூனிஃபார்ம் என்று ரசீது இல்லாமல் வாங்குவது உண்டு. ஃபீஸ் விவரத்தில் எழுதாத தொகைக்கு வங்கி கடன் தராது, எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.