எட்டு எலிகளை நம்பியா ஊசி போட்டார்கள்?

(பதில் சொல்பவர் ஆய்வுக்கூட விலங்குகளைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர். கொரோனா காலம் முழுக்க ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு விலங்கின் கூண்டுகளோடு காலம் தள்ளியவர்.)

? ஒமிக்ரானுக்காக மாற்றிய பூஸ்டர் ஊசியை எட்டே எட்டு எலிகளில் சோதித்துவிட்டு மக்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

எண்ணிக்கை சரிதான், மைத்துனருக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். 2022 ஜூன் 28 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முன்னால் ஃபைசர் நிறுவனம் வைத்த, ஒமிக்ரானின் உள்வகைகளான பிஏ.4, பிஏ.5-க்கான பூஸ்டர் தரவு 8 எலிகளுடையது. ஆகஸ்ட் 31-ல் அனுமதி வந்துவிட்டது.

ஆனால் அந்த எட்டு எலிகளிடம் கேட்ட கேள்வி மிகச் சின்னது. பழைய ஊசி ஏற்கெனவே போட்ட உடம்பில் புதியதைச் செலுத்தினால், புதிய வைரஸை முடக்கும் ஆன்டிபாடி கூடுகிறதா? அவ்வளவுதான். ஊசி பாதுகாப்பானதா என்ற கேள்வியை அந்த எலிகள் தலையில் யாரும் கட்டவில்லை. வைரஸின் புரதத்தைச் செய்ய உடம்புக்குக் குறிப்புக் கொடுக்கும் அதே எம்ஆர்என்ஏ முறை, அதே கொழுப்பு உறை, அதே தொழிற்சாலை முறை. அந்த முறையில் செய்த ஊசி அதற்குள் கோடிக்கணக்கான மனிதர்களுக்குப் போயிருந்தது. ஒமிக்ரானின் முதல் வகையான பிஏ.1-க்கு மாற்றிய ஊசியைச் சில நூறு மனிதர்களுக்குப் போட்டும் பார்த்திருந்தார்கள். அதிலிருந்து பிஏ.5 வரை, வைரஸின் மேல் முள் போல நிற்கும் ஸ்பைக் புரதத்தில் இருப்பது சில எழுத்துப் பிழை அளவு மாற்றம். ஃப்ளூ ஊசியில் வருடாவருடம் வைரஸ் வகையை மாற்றும்போதும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கானோரிடம் புதிதாகச் சோதிப்பதில்லை.

என் மனக்குறை வேறு. ஆன்டிபாடி கூடியதை வைத்து 'பழையதைவிட இது நன்றாகக் காக்கும்' என்று பேசியதுதான் அவசரம். அதே வருடத் தொடக்கத்தில் மாடர்னா ஊசியை வைத்து 8 ரீசஸ் குரங்குகளில் ஓர் ஆய்வு வந்திருந்தது. முதல் ஊசி போட்ட 41-வது வாரத்தில் நான்குக்குப் பழைய ஊசியையே பூஸ்டராகப் போட்டார்கள், நான்குக்கு ஒமிக்ரான் ஊசி. பிறகு எட்டுக்கும் ஒமிக்ரான் வைரஸையே கொடுத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி. உடம்பு முதலில் பார்த்த வைரஸின் ஞாபகத்தைத்தான் இரண்டு ஊசியும் தட்டி எழுப்பின. இதை மைத்துனரிடம் சொல்லுங்கள், இன்னும் சந்தோஷப்படுவார்.

? ஊசி போட்டும் எனக்குக் கொரோனா வந்தது. விலங்குச் சோதனையில் இது முன்கூட்டியே தெரியவில்லையா?

தெரிந்தது. 2020 மே மாதமே தெரிந்தது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஹாமில்டனில் உள்ள ராக்கி மவுண்டன் ஆய்வுக்கூடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஊசியை (இங்கே கோவிஷீல்டு) 6 குரங்குகளுக்குப் போட்டு, பிறகு மூக்கிலும் மூச்சுக்குழலிலும் வைரஸை விட்டார்கள். நுரையீரல் தப்பியது, நிமோனியா இல்லை. மூக்கிலோ, ஊசி போடாத குரங்குகளுக்கு இணையாக வைரஸ் இருந்தது. கையில் போடும் ஊசி நுரையீரலைக் காக்கும், மூக்கை அவ்வளவாகக் காக்காது என்று அந்த ஆறு குரங்குகள் சொல்லிவிட்டன. கேட்டவர்கள் குறைவு.

? விலங்குக்கு 'பாதுகாப்பு கிடைத்தது' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அது வாய் திறந்து சொல்லப்போவதில்லையே.

நல்ல கேள்வி, என் முழு வேலையே இதுதான். ஹாம்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். மயக்கம் கொடுத்து, மூக்குத் துவாரத்தில் வைரஸ் கலந்த திரவத்தைச் சொட்டு சொட்டாக விடுவோம். மறுநாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் எடை. பழைய வைரஸ் என்றால், ஊசி போடாத ஹாம்ஸ்டர் ஒரு வாரத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல் இளைக்கும், அப்புறம் தானாகத் தேறும். ஊசி போட்டது இளைக்காது. இரண்டு கோடுகளும் தாளில் விலகிப் போவதைப் பார்த்தாலே போதும்.

கேட்க எளிது. முழு உடை, காற்றூதும் தலைக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை போட்டுக்கொண்டு தராசுக் கிண்ணத்தில் ஒரு ஹாம்ஸ்டரை நிறுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றின் எடை திடீரென்று 4 கிராம் ஏறியது. ஊசி வேலை செய்கிறது என்று பக்கத்திலிருந்த இளைஞர் குதித்தார். எனக்குச் சந்தேகம். கன்னத்தை மெல்லத் தடவினேன். கடலை மூட்டை மாதிரி இருந்தது. தீவனத் துண்டுகளைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறது! அன்றிலிருந்து எடைக்கு முன் கன்னம் பார்ப்பது எங்கள் சட்டம்.

ஒமிக்ரான் வந்ததும் தராசே ஊமையாகிவிட்டது. ஊசி போடாத ஹாம்ஸ்டர்கூட இளைக்கவில்லை. நோயே வராத விலங்கில் ஊசி நோயைத் தடுத்தது என்று எப்படிக் காட்டுவது? மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நுரையீரலை எடுத்து, அரைத்து, அதில் உயிரோடு எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று எண்ண வேண்டியதாயிற்று. ஆகவே 'ஹாம்ஸ்டரில் 100 சதவீதப் பாதுகாப்பு' என்ற தலைப்பைப் பார்த்தால், ஊசி போடாத கூட்டத்துக்கு என்ன ஆனது என்ற வரியை முதலில் தேடுங்கள்.

? சாதாரண எலிக்குக் கொரோனா வராது என்று படித்தேன். பின் எலியில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் வந்த வைரஸுக்கு எலியின் செல்லில் உள்ள ஏசிஇ2 என்ற கதவு திறக்கவில்லை. அதனால் மனிதனின் ஏசிஇ2 மரபணுவைப் புகுத்திய கே18 எலியைத் தேடினார்கள். அதை அயோவா பல்கலைக்கழகத்தில் கொரோனாவின் உறவான பழைய சார்ஸ் வைரஸுக்காக உருவாக்கி 2007-லேயே வெளியிட்டிருந்தார்கள். 2020-ல், உறைய வைத்திருந்த விந்தணுவிலிருந்து அதைத் திரும்ப வளர்த்தெடுத்தார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். இந்த எலி பெரும்பாலும் மூளையில் வைரஸ் ஏறிச் சாகிறது. மனிதன் அப்படிச் சாவதில்லை. எனவே 'எல்லா எலியும் பிழைத்தது' என்பதை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். பிறகு ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற திரிபுகள், அதாவது மாறிய வைரஸ் வகைகள், வந்தன. ஸ்பைக்கில் 501-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் சாதாரண எலிக்கும் கதவு திறந்துகொண்டது. டெல்டாவில் அந்த மாற்றம் இல்லை, ஒமிக்ரானில் மறுபடி வந்தது. ஒவ்வொரு திரிபுக்கும் எந்த விலங்கு பொருந்தும் என்று பார்ப்பதே தனி வேலை.

? இத்தனை கோடி மனிதர்கள் இருக்கும்போது நம் இரத்தத்தையே சோதிக்கலாமே?

சோதிக்கிறார்கள். ஆனால் உங்கள் இரத்தத்தில் மூன்று ஊசி, இரண்டு தொற்று, எது எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியாது. எந்த ஆன்டிபாடி எதற்குக் கிடைத்தது என்று பிரிக்க முடியாது. கொரோனாவைப் பார்க்காத மனிதரைக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டம். கொரோனாவைப் பார்க்காத ஹாம்ஸ்டர் எப்போதும் கிடைக்கும். அதற்கு ஒரே ஒரு திரிபைக் கொடுத்து, அதன் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை (ஆன்டிபாடி உள்ள தெளிந்த நீர்) மற்ற திரிபுகளோடு மோதவிட்டால் எது எதற்கு நெருக்கம் என்று வரைபடமே போடலாம். ஊசியில் எந்தத் திரிபு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு முடிவு செய்யும்போது இந்த விலங்குச் சீரம் தரவையும் பார்க்கிறது. 2023 மே மாதம் எக்ஸ்பிபி.1.5, 2024 ஏப்ரலில் ஜேஎன்.1 என்று அது பரிந்துரைத்தது.

? பாவமாக இல்லையா, டாக்டர்?

இருக்கிறது. எடை 20 சதவீதம் குறைந்துவிட்டால் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பதே கிடையாது, அன்றே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது பல கூடங்களில் விதி. எங்கள் கூடத்தில் அந்த முடிவைச் சொல்வது என் வேலை. கன்னத்தில் தீவனம் அடைத்து வந்ததே, இளைஞர் நினைத்ததுபோல் இல்லை, அது ஊசி போடாத கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆறாம் நாள் வரை கன்னம் காலியாகவே இருந்தது. எட்டாம் நாள் தடவிப் பார்த்தேன், மறுபடி இரண்டு துண்டு தட்டுப்பட்டது.