குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை: யாரைக் கேட்பது?

கேள்வி: ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டுவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் தண்ணீர் வருகிறது. கடைசித் தெருவுக்கு அதுவும் இல்லை. ஊராட்சியைக் கேட்டால் குடிநீர் வாரியத்தைக் கைகாட்டுகிறார்கள், வாரியத்தைக் கேட்டால் ஊராட்சியை. கணக்கில் மட்டும் பணி முடிந்துவிட்டதாம். என்ன செய்யலாம்?

பதில்: குழாய் போட்டது உண்மை என்பதால் ‘பணி முடிந்தது’ என்பதை மறுத்து மல்லுக்கட்டாதீர்கள். 2019-ல் அறிவிக்கப்பட்டபோது இத்திட்டம் தந்த வாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத்தக்க தரத்தில், தொடர்ந்து. ‘தண்ணீர் சரியாக வருவதில்லை’ என்று மனு எழுதினால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கணக்கோடு போனால் கணக்கோடுதான் பதில் சொல்லியாக வேண்டும்.

15 லிட்டர் குடம் ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடம் ஆனால், அரை மணி நேரத்தில் பத்துக் குடம், அதாவது 150 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளில் சேர வேண்டியது 550 லிட்டர். தெருவுக்கு இரண்டு வீடாகத் தேர்ந்து, தண்ணீர் வந்த தேதி, நேரம், குடக் கணக்கு ஆகியவற்றை ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். கடைசித் தெருவை விட்டுவிடாதீர்கள். உங்கள் வாதத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, பலர் கவனிக்காத இடம். ஓர் ஊரை ‘ஹர் கர் ஜல்’ (வீடுதோறும் தண்ணீர்) கிராமம் என்று துறை அறிவித்தால் மட்டும் போதாது. எல்லா வீடுகளுக்கும், பள்ளிக்கும், அங்கன்வாடிக்கும் தண்ணீர் கிடைக்கிறது என்று கிராம சபை தீர்மானம் போட்ட பிறகே சான்றளிப்பு முழுமையாகும். அதாவது, உங்கள் ஊரின் பெயரால்தான் அந்தச் சான்று. கூட்டத்துக்கு வந்தோம் என்று வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? உங்கள் ஊரில் அந்தத் தீர்மானம் இன்னும் வரவில்லை என்றால், அடுத்த கிராம சபையில் நோட்டைக் காட்டி மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வந்துவிட்டது என்றால், நகலை வாங்கி, உண்மை நிலைமை அதற்கு மாறானது என்று புதிய தீர்மானம் கோருங்கள். ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊரிலும் கிராம சபையில் இதைக் கேட்கலாம்.

கைகாட்டும் விளையாட்டுக்குத் தகவல் உரிமைச் சட்டம் மருந்து. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு செய்யுங்கள். ‘ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று கேட்காதீர்கள்; அச்சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தை அல்ல. மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பணி நிறைவுச் சான்று, கிராம சபைத் தீர்மானம், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலத்தைச் சொல்லும் ஒப்பந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், பிரிவு 6(3)-ன்படி மனுவை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். யார் பொறுப்பு என்பது அந்தக் கடிதத்திலேயே எழுத்தில் வந்துவிடும். பணியை நேரில் பார்வையிடவும் அச்சட்டத்தின் பிரிவு 2(j) உரிமை தருகிறது; மனுவில் ‘பணிகளை ஆய்வு செய்யும் உரிமை’ என்று எழுதினாலே போதும். அளவுப் புத்தகத்தில் கடைசித் தெருவுக்கு எழுதியிருக்கும் குழாய் நீளத்தையும் விட்டத்தையும் மண்ணில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம்.

நோட்டின் நகல், தீர்மானம், அளவுப் புத்தகப் பக்கம் மூன்றும் கைக்கு வந்ததும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இன்ன தெருவுக்கு 55 லிட்டர் எந்தத் தேதிக்குள் கிடைக்கும், அதற்குப் பொறுப்பான அலுவலர் யார். மனு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.