பேரக்கில் (ராணுவ வீரர்கள் தங்கும் இடத்தில்) நடப்பதைப் பேசுவோம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மகன் அக்னிவீர் பயிற்சியில் இருக்கிறான். உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) கன்னத்தில் அறைகிறார் என்கிறான். கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா? (ஒரு தந்தை, உசிலம்பட்டி)

அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறாதீர்கள், கலெக்டருக்கு இதில் அதிகாரம் கிடையாது. புகார் உங்கள் மகன் கையால் போகவேண்டும். ராணுவச் சட்டம் 1950, 26-வது பிரிவுப்படி கம்பெனி கமாண்டரிடம் சொல்லலாம். அவர் மேலேயே குறை என்றால் அவருக்கு மேலே இருக்கிற அதிகாரியிடம். ரகடா (தண்டனையாக ஓட வைத்து உடம்பை வாட்டுவது) வேறு, அறை வேறு. தனக்குக் கீழே இருப்பவனை அடிப்பது 47-வது பிரிவில் குற்றம், கோர்ட் மார்ஷலில் 7 வருஷம் வரை சிறை உண்டு. தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள், இந்த நாலையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கே: எனக்கு இந்தி தெரியாது. கேலி செய்வார்களா? (சோழவந்தான்)

முதல் ரெண்டு மாசம் செய்வார்கள். அப்புறம் நீங்களே இந்தியில் சண்டை போடுவீர்கள். போங்க தம்பி.

கே: யூனிட்டில் கொடுமை நடக்கிறது. வழி சொல்லவும். (பெயர் இல்லை)

என்ன கொடுமை? யாருக்கு, எப்போது? நீங்கள் சர்வீஸில் இருப்பவரா, அவர் மனைவியா? ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு வழி கேட்டால் நான் என்ன சொல்வது? பெயர் வேண்டாம், விவரம் வேண்டும். திரும்ப எழுதுங்கள், கண்டிப்பாகப் பதில் சொல்கிறேன்.

கே: நாங்கள் அடி வாங்கித்தான் சிப்பாய் ஆனோம். இந்தக் காலத்துப் பையன்களுக்குச் செல்லம் கொடுத்தால் எல்லையில் நிற்பார்களா? (ஓய்வுபெற்ற நாயக், பேரையூர்)

இந்தக் கடிதம் யார் யார் பெயரிலோ வந்துகொண்டே இருக்கிறது. அண்ணே, உங்கள் சர்வீஸுக்கு என் சல்யூட், ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் பிளட்டூன் ஹவில்தாராக இருந்தபோது வாடிப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான். ராத்திரி அவனை எழுப்பிச் சீனியர்கள் தங்கள் துணியெல்லாம் துவைக்க வைத்திருக்கிறார்கள், மறுத்தால் பெல்ட் அடி. எனக்குத் தெரியாது. லங்கரில் (சிப்பாய்கள் சாப்பிடும் இடம்) கடைசி பெஞ்சில், பருப்பு ஆறி ஆடை கட்டும்வரை தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் சோப்பு அரித்துத் தோல் உரிந்திருந்தது. கேட்டால் ‘ஒண்ணுமில்லை உஸ்தாத்’ என்றான், நானும் விட்டுவிட்டேன். மூணு நாள் கழித்து ஃபயரிங் ரேஞ்சில், பக்கத்தில் படுத்திருந்தவன் ரைஃபிளில் தோட்டா சிக்க, அவன் அதை அப்படியே எங்கள் பக்கம் திருப்புகிறான். நம்ம பையன் அதைப் பார்க்கிறான், வாயைத் திறக்கவில்லை. நான் பாய்ந்து குழலைத் தரையில் அமுக்கினேன். ஏண்டா கத்தவில்லை என்றால், அவர் சீனியர் என்கிறான்.

வாயைத் திறந்தால் அடி விழும் என்று பேரக்கில் பழகியவன் ராத்திரி பேட்ரோலிலும் அப்படித்தான் இருப்பான். கடுமையாக ஓட வையுங்கள், மூட்டை தூக்க வையுங்கள், யார் வேண்டாம் என்றது? கை மட்டும் வைக்காதீர்கள். ஹவில்தார்களுக்கும் ஒன்று சொல்கிறேன், ரோல் காலில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது, லங்கரில் யார் தனியாக உட்காருகிறான் என்று தினமும் பாருங்கள்.

கே: மகள் மிலிட்டரி போலீஸுக்கு முயற்சி செய்கிறாள். சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். (ஒரு தாய், மேலூர்)

அனுப்புங்கள் அம்மா. அந்தப் பிரிவில் 83 பெண்கள் 2021-லேயே பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டார்கள். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும், அதுவும் 3 மாதத்துக்குள். ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் கெடு ஓடிவிடும். அவளும் நோட்டு வைத்துக்கொள்ளட்டும்.

கே: கையில் எங்கள் சமூகக் கயிறு கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகலாமா? (உசிலம்பட்டி)

கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் தென் மாநிலம் எல்லாவற்றிலிருந்தும் வந்தவர்கள் ஒரே லங்கரில்தான் சாப்பிடுகிறார்கள். ஊர்க்காரன், சாதிக்காரன் என்று தனி வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறவனையும் நம்பாதீர்கள், ஒதுக்குவது அங்கேதான் தொடங்குகிறது.

கே: ஒரு மாசமாகத் தம்பி போனில் ‘ம்’ மட்டும்தான் சொல்கிறான். (அக்கா, திருமங்கலம்)

இன்றைக்கே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காமல், ராத்திரி தூங்குகிறாயா, யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் 14416 எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. லீவில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.