தசைநாண் இரண்டாகத் தெரிந்தால் கிழிசல்தானா?

வணக்கம் அண்ணே. பினாங்கில் ரொட்டி சானாய் மாவு வீசும்போது வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'பைசெப்ஸ் தசைநாண் இரண்டாகத் தெரிகிறது, கிழிசலாக இருக்கலாம்' என்று இருக்கிறது, ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். நான் கோலாலம்பூரில் பிசியோவாக இருக்கிறேன். பைசெப்ஸ் என்பது மேற்கையின் முன்பக்கத் தசை, அதை எலும்போடு கட்டும் நாண்தான் தசைநாண். சிலருக்கு அந்தத் தசைநாண் பிறவியிலேயே இரண்டு இழைதான். பிறவி இழை என்றால் இரண்டும் உருண்டு, விளிம்பு வழவழப்பாக இருக்கும். கிழிந்தது என்றால் விளிம்பு பிசிறடித்திருக்கும், சுற்றியுள்ள உறையில் பெரும்பாலும் நீர் கோத்திருக்கும். குறுக்குவெட்டுப் படங்களைக் காட்டி ஸ்பெஷலிஸ்டிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

உங்கள் வலி பொய்யில்லை அண்ணே, காரணம் வேறாக இருக்கலாம், அவ்வளவுதான். முழங்கையை மடக்கி, மறுகைக் கட்டைவிரலால் தோளின் முன்பக்கப் பள்ளத்தை மெல்ல அழுத்துங்கள். கையை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். நோகிற இடம் கையோடு சேர்ந்து நகர்ந்தால் அந்தத் தசைநாணைச் சந்தேகிக்கலாம். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும்வரை மாவு வீசுகிற வேலையைத் தம்பிமாரிடம் விடுங்கள், கல்லருகே நில்லுங்கள்.

சட்டென்று மேற்கையில் உருண்டை திரண்டாலோ கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.