ஆப்பிரிக்க நாடுகளின் துயரத்திற்குக் காரணம் அந்நியத் தலையீடா, உள்நாட்டுத் தலைவர்களா?

வெள்ளையர் வெளியேறி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள்மீதே பழிபோடலாமா என்று யாருடனோ வாதாடிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வரலாற்றாய்வாளன் அல்லன். ஒரு கண்டம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. காங்கோவின் லுபும்பாஷி நகரில், செம்பு உருக்காலை ஒன்றில் மின்பொறியாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அந்த நாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஆலை ஓட்டுநரின் தந்தை அரசுச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் மாதம் பிறந்தால் அவர் வீட்டுக்கு மக்காச்சோள மாவு மூட்டை வந்து இறங்கும். பள்ளியும் மருத்துவமனையும் சுரங்கத்தினுடையவை. 1980-களில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்த அந்தச் சுரங்கங்கள், 1990-களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. 2003-இல் உலக வங்கிப் பணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்தபோது அவரும் வெளியே வந்தார். நான் பார்த்த நாளில், முற்றத்தில் அடுப்புக்கரியைச் சிறு சிறு கூறுகளாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் 1965 முதல் 1997 வரை நாட்டை ஆண்ட சர்வாதிகாரி மொபுட்டுதான் காரணம் என்பார் அவர். மகனோ, முன்பு நாட்டை அடிமைப்படுத்தி ஆண்ட பெல்ஜியத்தைச் சொல்வார்.

மகன் சொல்வது உண்மை. 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றபோது அந்நாட்டில் பட்டதாரிகள் முப்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள், பெல்ஜியப் படையும் சுரங்கக் கம்பெனியும் பின்னால் நிற்க, லுபும்பாஷி இருக்கும், செம்பு விளையும் கட்டாங்கா மாகாணம் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. 1961 ஜனவரியில், நாட்டின் முதல் பிரதமராக இருந்த லுமும்பா அந்த மண்ணிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பெல்ஜியம் மன்னிப்புக் கேட்டது 2002-இல்.

தந்தை சொல்வதும் உண்மைதான். 1973-இல் வெளிநாட்டவரின் கடைகளையும் தோட்டங்களையும் பறித்துத் தன் ஆட்களுக்குப் பங்கிடும்படி மொபுட்டுவிடம் எந்த வெள்ளையரும் சொல்லவில்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்குத் தன் பூர்விக ஊரான க்பாடோலிட்டேயில் ஓடுபாதை போட்டதும் அவருடைய ஆசைதான்.

ஆனால் அந்த ஆசைக்குக் கடன் கொடுத்தவர்கள் யார்? பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) 1978-இல் காங்கோவின் மத்திய வங்கிக்கு அனுப்பிய புளூமென்தால் என்ற ஜெர்மானியர், கொடுத்த கடன் திரும்பி வரும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை என்று 1982-இல் அறிக்கையே எழுதினார். அதன் பிறகும் பணம் போய்க்கொண்டிருந்தது. பனிப்போரில் மேற்குலகிற்கு மொபுட்டு வேண்டியவராக இருந்தார். ஆகவே பழியைப் பாதி பாதியாகப் பிரிக்க நான் ஒப்பமாட்டேன். இரு தரப்பும் முழுப் பொறுப்பாளிகள்.

எங்கள் மெஸ்ஸில் நம்மவர்கள் சாப்பிட்டுக்கொண்டே, இந்த மக்களே சோம்பேறிகள் என்று பேசுவதைக் கேட்டு நான் பலமுறை கொதித்திருக்கிறேன். சம்பளமே வராத மாதங்களிலும் ஷிப்டுக்குப் போன மனிதர்களைப் பற்றிய பேச்சு அது.

போட்ஸ்வானா மட்டும் எப்படி உருப்பட்டது என்று யாரேனும் கேட்பீர்கள். தன் குலத்தாரின் நிலத்தில் கிடைத்த வைரத்தின் உரிமையும் நாட்டுக்கே சேரும்படி செய்த அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் நேர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டது 1967-இல், ஆங்கிலேயர் போன மறு ஆண்டு. கட்டாங்காவின் செம்பை பெல்ஜியர்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோண்டத் தொடங்கியிருந்தார்கள்.